மணல், பட்டாணி, தீக்குச்சி: ஆரம்பப் பள்ளிக் கலை வகுப்பின் எளிய பொருள்கள்

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளையின் விரல் முதலில் தொட்ட எழுதுபொருள் மணல். தரையில் ஆற்று மணலைப் பரப்பி, ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ விரலைப் பிடித்து எழுதவைப்பார். மணலில் கை படிந்த பிறகுதான் பனையோலை. எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையில் உடனே தெரியாது. விளக்குக் கரியையோ மாவிலைக் கரியையோ ஊமத்தை, கோவை போன்ற பச்சிலைகளின் சாற்றில் குழைத்துத் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் கரி தங்கிவிடும், மேற்பரப்பு வெளுத்துவிடும். பனையும் மணலும் இலையும் கரியும் ஊரிலேயே கிடைத்தவை, காசு கொடுத்து வாங்கியவை அல்ல. ஆனால் இவற்றைக் கொண்டு பிள்ளைகள் பள்ளியில் செய்தது எழுத்தும் எண்ணும் மட்டுமே. படம் போடுவதும் பொம்மை செய்வதும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடந்தன.

இந்த மணல் கடல் கடந்த கதை கல்வி வரலாற்றில் நன்கு பதிவாகியிருக்கிறது. 1787இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதிக்கு 1789இல் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதையே தம் விடுதியில் கொண்டுவர விரும்பினார். பெரிய ஆசிரியர்கள் அதற்கு ஒத்துவராததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனிடம் சிறு பிள்ளைகளை ஒப்படைத்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அந்த முறையைப் பற்றி 1797இல் லண்டனில் நூல் வெளியிட்டார். அதன் பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் மணல் தட்டுகள் இடம்பிடித்தன. பெல்லுக்குப் போட்டியாக இருந்த ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும் மணல் மேசைகள் இருந்தன. அங்கே மணலுக்கு மதிப்பு வந்தது அது மலிவு என்பதால்தான். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் காகிதச் செலவின்றி எழுத்துக் கற்பிக்க முடிந்தது. கையருகே கிடைக்கும் பொருள் பள்ளிக்குள் நுழைந்த முதல் வழி சிக்கனம். அடுத்த இரு நூற்றாண்டுகளிலும் இந்தச் சிக்கனம் அதன் கூடவே வந்தது. சில இடங்களில் துணையாக, பல இடங்களில் சுமையாக.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓலையின் இடத்துக்குச் சிலேட்டும் பலப்பமும் வந்தன. சிலேட்டைத் துடைக்கக் கோவை இலையும், கரும்பலகை வெளுத்தால் அரைத்துப் பூச ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் மட்டும் பழைய உலகிலிருந்து எஞ்சின. ஓவியம் பாடமாக வந்தபோது அது வேறொரு முகத்தோடு வந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியும், பின்னர் பரவிய தொழில்நுட்ப ஓவியத் தேர்வுகளும், பார்த்து வரைவதையே பயிற்சியாக வைத்தன. அச்சிட்ட மாதிரியைக் கோடு பிசகாமல் திருப்பி வரைபவனே நல்ல மாணவன். டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் வரைந்த பூஜாடியை நாற்பது பிள்ளைகளும் நோட்டில் வரைவது அந்த மரபின் கடைசிக் கண்ணி. அழுத்தமான பென்சிலும் வழவழப்பான தாளும் ரப்பரும் இல்லாமல் அந்த வகுப்பு நடக்காது. வீட்டில் காசில்லாத பிள்ளைக்கு அந்த மணி நேரம் வேடிக்கை பார்க்கும் நேரமாகத்தான் கழிந்தது.

அதே பிள்ளைகள் பள்ளி விட்டதும் செய்த பொருள்களின் பட்டியல் பெரியது. நுங்கு தின்ற கூந்தல்களைக் குச்சியில் கோத்துக் கவைக்கம்பால் தள்ளும் நுங்கு வண்டி, முள்ளில் செருகிய பனையோலைக் காற்றாடி, தென்னை ஓலையில் முடைந்த பாம்பு, ஓலைக் கிலுகிலுப்பை, பூவரசு இலையைச் சுருட்டிய பீப்பி, பிற்காலத்தில் தீப்பெட்டிகளை நூலில் கட்டிய தொலைபேசி. சக்கரத்தின் சமநிலையும் காற்றின் அழுத்தமும் மடிப்பின் இறுக்கமும் இவற்றில் இருந்தன. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சுதர்ஷன் கன்னா இத்தகைய நாட்டுப்புறப் பொம்மைகளை ஊர் ஊராகத் தேடி, அவை இயங்கும் விதத்தைப் படங்களோடு நூலாக்கிய பிறகுதான் படித்த உலகம் அவற்றைக் கல்விப் பொருளாகப் பார்க்கத் தொடங்கியது. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியின் மதில் இவற்றை வெளியே நிறுத்தியிருந்தது பெரும் இழப்பு.

ஐரோப்பாவில் அந்த மதிலை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். மரக் கனசதுரங்களும் உருளைகளும் கொண்ட பெட்டிகளைப் பிள்ளைகளுக்குத் தந்ததோடு, தாள் மடித்தல், தாள் பின்னல், களிமண் பிசைதல், குச்சி அடுக்குதல் போன்ற கைவேலைகளையும் வரிசைப்படுத்தினார். அவற்றுள் எளியது பட்டாணி வேலை. இரவு ஊறவைத்த பட்டாணியில் கூராக்கிய மெல்லிய குச்சிகளைச் செருகிச் சட்டங்கள் கட்ட வேண்டும். ஊறிய பட்டாணி குச்சியை எளிதாக உள்ளே விடும். காயும்போது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். பிள்ளை நாற்காலியோ வீடோ கோபுரமோ கட்டலாம். 1899இல் அமெரிக்காவில் ஒரு கிண்டர்கார்ட்டனில் நான்கு வயது பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குப் பட்டாணியும் குச்சியும் கிடைத்தன. கண்பார்வை மங்கலான அந்தப் பிள்ளை கைத்தொடுகையை நம்பி முக்கோணங்களால் ஆன சட்டம் ஒன்றைக் கட்டியது. பிற்காலத்தில் குவிமாடக் கட்டுமானங்களால் உலகப் புகழ் பெற்ற அவர், தம் வேலையின் தொடக்கமாக அந்த நாளையே சொன்னார்.

கிண்டர்கார்ட்டன் இந்தியாவுக்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த இசபெல் பிராண்டர், இந்தியப் பள்ளிகளுக்கான கிண்டர்கார்ட்டன் கற்பித்தல் நூலையே எழுதினார். ஆயினும் ஃபிரோபெலின் பெயரில் பெருமளவில் பரவியவை விலைக்கு விற்ற மரப்பெட்டிகள். பட்டாணியையும் களிமண்ணையும் விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது ஐரோப்பாவிலும் நடந்த தவறுதான். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மான்டிசோரியின் சாதனங்களும் அளவு பிசகாமல் தொழிற்கூடத்தில் செய்யப்பட வேண்டியவை. போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்க நேர்ந்தபோதுதான் அவரும் அவருடைய மகன் மாரியோவும் இலை, பூச்சி, கல் ஆகியவற்றைப் பிள்ளைகளின் பாடத்துக்குள் விரிவாகக் கொண்டுவந்தனர்.

எளிய பொருளுக்குக் கலையில் தனி மதிப்பு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குக் காரணமான இருவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களாக வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் என்பது இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஜோஹன்னஸ் இட்டன், 1919இல் வைமர் நகரில் தொடங்கிய பௌஹாஸ் கலைப் பள்ளியில் அடிப்படை வகுப்பை வகுத்தார். மரப்பட்டை, கம்பளி, கண்ணாடித் துண்டு, கம்பி என்று கிடைத்ததைச் சேர்த்து, சொரசொரப்புக்கும் வழவழப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் உணரச் செய்வது அவருடைய பயிற்சி. ஜெர்மனியின் போட்ராப் நகரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த யோசெஃப் ஆல்பர்ஸ், 1923 முதல் அதே வகுப்பில் மாணவர்களுக்குச் செய்தித்தாள்களைக் கொடுத்து, துண்டு வீணாகாமல் அதிலிருந்து ஏதாவது செய்துவரச் சொன்னார். தாள் நிற்குமா, வளையுமா, எடை தாங்குமா என்று பொருளின் இயல்பைக் கேட்டறிந்த பிறகே வடிவம் பிறக்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். இன்று உலகெங்கும் தொடக்க வகுப்புகளில் நடக்கும் தாள் சிற்பப் பயிற்சிகள் இந்த வகுப்பின் வழித்தோன்றல்கள்.

பௌஹாஸ் தொடங்கிய அதே 1919இல் சாந்திநிகேதனில் கலா பவன் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடிச் சந்திப்பும் உண்டு: 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் இட்டன், பவுல் கிளே, காண்டின்ஸ்கி முதலியோரின் படைப்புகள் வங்க ஓவியர்களின் படைப்புகளோடு வைக்கப்பட்டன. ஆனால் சாந்திநிகேதனுக்கு மண்ணைக் கற்றுக்கொடுக்க எந்த ஐரோப்பியரும் தேவைப்படவில்லை. ரவீந்திரநாத் தாகூர் 1901இல் மரத்தடியில் தொடங்கிய பள்ளியில் இயற்கை ஏற்கெனவே வகுப்பறையாக இருந்தது. கலா பவனின் பொறுப்பை ஏற்ற நந்தலால் போஸ், சந்தால் ஊர்களின் மண்சுவர் ஓவியத்தையும் பெண்கள் அரிசி மாவில் இடும் ஆல்பனாவையும் மாணவர்கள் கற்க வேண்டிய கலையாக மதித்தார். செம்மண் பூமியில் கிடைத்த கற்களை அரைத்து வண்ணம் ஆக்குவது அங்கே வழக்கமான வேலை. 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குக் காந்தியின் வேண்டுகோளின்படி அவர் தீட்டிய படங்கள் கைத்தாளில், மண் வண்ணங்களில் உருவானவை. மத்தளம் கொட்டுபவர், பஞ்சு அடிப்பவர், தச்சர் என்று ஊர் மக்களே அவற்றில் நிற்கிறார்கள்.

நந்தலாலின் ஆசான் அபனீந்திரநாத் தாகூர் முதுமையில் செய்தது இன்னும் வியப்புக்குரியது. வேர்த்துண்டு, மூங்கில் கணு, காய்ந்த கிளை, உடைந்த பலகை ஆகியவற்றைப் பொறுக்கி, அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் பறவையையோ மனிதனையோ விலங்கையோ வெளியே கொண்டுவந்தார். அதிகம் செதுக்குவதில்லை. ஒரு வெட்டு, ஒரு இணைப்பு, சில சமயம் திருப்பி வைப்பது மட்டும். குட்டும் காட்டாம் என்று அவர் பெயரிட்ட இந்த உருவங்களைக் கலை வரலாற்றாசிரியர்கள் நீண்ட காலம் முதியவரின் பொழுதுபோக்காகக் கருதினார்கள். பிள்ளை ஒருவன் குச்சியைக் கையில் எடுத்ததும் அது குதிரையாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, நவீன இந்திய ஓவியத்தின் தந்தை எனப்பட்டவர் எந்தக் கண்ணோடு அவற்றைச் செய்தார் என்பது புரியும்.

இந்தப் போக்குகள் எல்லாம் சில தனிப் பள்ளிகளோடு நின்றிருக்கலாம். நாடு முழுவதும் பேசவைத்தது காந்தியின் ஆதாரக் கல்வி. 1937 ஜூலை 31 'ஹரிஜன்' இதழில் அவர் எழுதியதும், அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியதும், ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்ததும் அடுத்தடுத்து நடந்தன. அந்தக் குழுவில் தமிழர் இருவர் இருந்தனர். ஒருவர் கிராமத் தொழில்களின் பொருளியலை வகுத்த ஜே.சி. குமரப்பா. மற்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. டபிள்யூ. ஆரியநாயகம். தாகூரின் செயலாளராகச் சாந்திநிகேதனில் இருந்த ஆரியநாயகமும் அவருடைய மனைவி ஆஷா தேவியும் வார்தாவுக்கு வந்து, சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விக்கான இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் பணியை ஏற்றார்கள். கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்காகத் தாகூர் 1924இல் தொடங்கிய சிக்ஷா சத்திரத்தின் அனுபவமும் சேவாகிராமத்துக்குப் பின்னணியாக இருந்தது.

பருத்தி, மண், மரம், தாள், தோட்டம் என ஊரின் பொருளையே பாடமாக்க வேண்டும் என்றது திட்டம். குழுவின் கால அட்டவணை அதன் உள்ளத்தைச் சொல்கிறது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் அடிப்படைக் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். பிள்ளைகள் நூற்ற நூலும் செய்த பொருளும் விற்று ஆசிரியர் சம்பளம் வரவேண்டும் என்பது காந்தியின் கணக்கு. பொருளியலாளர் கே.டி. ஷா மாநாட்டிலேயே இதை எதிர்த்தார். பொருளாதாரப் பக்கம் மேலோங்கினால் கல்வி நோக்கம் பலியாகும் என்று குழுவின் அறிக்கையே எச்சரித்தது. எச்சரிக்கை சரியானது. விற்பதற்காகச் செய்யும்போது பிள்ளையின் கை சந்தையின் அளவுக்கு வளைய வேண்டியிருக்கிறது; தவறு செய்யவும் கலைத்துப் போடவும் அதற்கு உரிமை இல்லை. கலைக்கு அந்த உரிமை இல்லாமல் முடியாது.

இந்த இடைவெளியை உள்ளிருந்தே நிரப்பியவர் தேவி பிரசாத். 1921இல் டேராடூனில் பிறந்து, கலா பவனில் நந்தலாலிடம் பயின்று, 1944இல் சேவாகிராமத்துக்கு ஓவிய ஆசிரியராக வந்தார். சுமார் பதினெட்டு ஆண்டுகள் அங்கே கிராமத்துப் பிள்ளைகளோடு வேலை செய்தார். குயவராகவும் பயிற்சி பெற்றவர். பிள்ளைக்கு மாதிரிப் படம் கொடுக்கக் கூடாது, பெரியவரின் ரசனையைத் திணிக்கக் கூடாது, ஆனால் பொருளையும் கருவியையும் கையாளும் ஒழுங்கைக் கற்றுத்தர வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த அனுபவத்தை இந்தியில் எழுதினார். அதன் ஆங்கில வடிவத்தை 1998இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. இந்திய ஆரம்பப் பள்ளியில் கலை குறித்து, பள்ளிக்குள்ளேயே நின்று எழுதப்பட்ட நூல்களில் இதைவிட ஆழமானது அரிது.

கடை வண்ணம் இல்லாத பள்ளியில் வண்ணம் செய்யும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஓடைக்கரையிலோ கிணறு தோண்டிய இடத்திலோ நிறமுள்ள மண்ணைத் தேடி எடுக்க வேண்டும்: காவி, மஞ்சள், சாம்பல், வெள்ளை. கட்டியை நொறுக்கி நிறையத் தண்ணீரில் கலக்கினால் மணலும் கல்லும் முதலில் அடியில் படியும். மேலே கலங்கி நிற்கும் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, அசையாமல் ஒரு நாள் வைத்தால் மாவு போன்ற வண்டல் தங்கும். இதை இரண்டு மூன்று முறை செய்தால் நெருடல் போய்விடும். காய்ந்த வண்டலைக் கல்லில் இழைத்து, தண்ணீரில் ஊறிய கருவேலம் பிசினைச் சேர்க்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்த பின் கையில் ஒட்டும், மிகுந்தால் வெடிக்கும். சரியான அளவு பிள்ளை தாளில் தீட்டிப் பார்த்துத் தானே கண்டுபிடிப்பது. கறுப்புக்கு விளக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்புக்கல் பொடி, நீலத்துக்கு அவுரி. ஈச்சங்குச்சியின் நுனியை நசுக்கினால் தூரிகை. சுவருக்கு வெள்ளையடிக்கும் மட்டையும் இதே தத்துவம்தான். இப்படிச் செய்த வண்ணத்தைப் பிள்ளை வீணாக்குவதில்லை. மண் எங்கிருந்து வந்தது, ஏன் சிவப்பு, எது மிதந்தது, எது படிந்தது என்பதெல்லாம் படம் வரையும் முன்பே பாடமாகிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் ஆதாரக் கல்விக்கு உற்சாகமான தொடக்கம் இருந்தது. 1930இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம் 1946இல் மாகாணக் கல்வி அமைச்சரானபோது ஆதாரப் பள்ளிகளும் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளும் பெருகின. 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் திண்டுக்கல் அருகே வளர்ந்தது. தக்ளியும் ராட்டையும் வகுப்பறைக்கு வந்தன. ஆனால் 1953இல் ராஜாஜியின் அரசு கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கிராமப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. சக்கிலியர் பிள்ளை தோலோடும், வண்ணார் பிள்ளை துணியோடும், குயவர் பிள்ளை மண்ணோடும் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள் என்று பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் எதிர்த்தன. குலக்கல்வி என்ற பெயர் நிலைத்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்த எதிர்ப்பு நியாயமானது. தலைமுறை தலைமுறையாக மண்ணையும் தோலையும் நாரையும் தொட்டதற்காகவே தாழ்த்தப்பட்டவர்கள், பள்ளி என்ற ஒரே வாசலிலும் அதே பொருளை நீட்டியபோது கோபம் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அதன் பின்விளைவு கலை வகுப்பின் மீதும் விழுந்தது. கையால் செய்யும் வேலை என்றாலே படிக்கவிடாமல் தடுக்கும் வேலை என்ற ஐயம் பெற்றோர் மனதில் ஊன்றியது. கைத்தொழில் வகுப்பு கால அட்டவணையில் இருந்தாலும் கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. குயவர் வீட்டுப் பிள்ளையும் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்து களிமண் பிசையும் வகுப்பு குலத்தொழிலுக்கும், கைவேலையை ஒதுக்கிய படிப்புக்கும் அப்பாற்பட்டது. அதைத் தமிழ்நாடு அப்போது முயன்று பார்க்கவில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு ஆதாரக் கல்வியின் இடத்தில் பணி அனுபவம் என்ற சொல்லை வைத்ததோடு, அகில இந்திய அளவிலும் அந்த அத்தியாயம் மெல்ல முடிந்தது.

இந்தியாவுக்கு வெளியே, கழிவுப் பொருளைக் கலைப் பொருளாக வைத்துக் கல்வியைக் கட்டியதற்கு உலகறிந்த இடம் இத்தாலியின் ரெஜியோ எமிலியா. 1945இல் போர் முடிந்த சில நாட்களில், அந்நகரை ஒட்டிய வில்லா செல்லா ஊர் மக்கள் ஜெர்மானியப் படை விட்டுச்சென்ற டாங்கி, லாரிகள், குதிரைகள் ஆகியவற்றை விற்று, குண்டில் இடிந்த வீடுகளின் செங்கற்களைச் சுமந்துவந்து சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். சைக்கிளில் அதைப் பார்க்கப் போன ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி வாழ்நாளை அங்கேயே செலவிட்டார். நகராட்சியின் முதல் மழலையர் பள்ளி 1963இல் திறந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் கலைக்கூடமும் கலை பயின்ற ஆசிரியரும் வைத்தார்கள். 1996இல் அதே நகரில் ரெமிதா என்ற நிலையம் தொடங்கியது. சுற்றியுள்ள தொழிற்சாலைகள் ஒதுக்கும் குழாய்த் துண்டு, தோல் ஓரம், பழுதான மூடி, நிறம் பிசகிய தாள் ஆகியவை அங்கே வகை பிரித்து அலமாரியில் அழகாக அடுக்கப்படுகின்றன. ஆசிரியர்கள் வந்து எடுத்துச் செல்கிறார்கள். குப்பைக்கும் கலைப் பொருளுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் இந்த வகைபிரிப்பும் அடுக்கும்தான் என்பதை ரெமிதா தெளிவாகக் காட்டியது.

இந்தியாவில் ரெமிதாவுக்கு முன்பே, வேறு வழியில், அதே எண்ணம் வேரூன்றியிருந்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. விலையுயர்ந்த ஆய்வுக்கூடச் சாதனம் இல்லாமல் ஊரில் கிடைப்பதைக் கொண்டு சோதனை செய்வது அதன் வழி. பூவை அறுத்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள். கான்பூர் ஐஐடியில் படித்து, புனேயில் லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் ஓராண்டு விடுப்பெடுத்து அங்கே வந்தார். சைக்கிள் கடையில் தொங்கிய வால்வு டியூப் அவர் கண்ணில் பட்டது. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைச் செருகினால் வளையும் மூட்டு கிடைத்தது. மூன்று குச்சி மூன்று துண்டில் முக்கோணம், அமுக்கினாலும் அசையாது. நான்கு குச்சியில் சதுரம். தொட்டால் சாய்ந்து சாய்சதுரமாகும். துண்டின் நடுவில் முள்ளால் துளையிட்டு இன்னொரு குச்சியைச் செருகினால் தரையை விட்டு எழும் முப்பரிமாண வீடு. ஃபிரோபெலின் பட்டாணி வேலை ஹோஷங்காபாத்துக்கு வந்தபோது பட்டாணி ரப்பராக மாறியிருந்தது. காய்வதற்குக் காத்திருக்க வேண்டாம், பிரித்து மறுபடி கட்டலாம் என்பது கூடுதல் நன்மை.

தீக்குச்சியில் தொடங்கியவர் பழைய செய்தித்தாள் தொப்பி, தேய்ந்த செருப்பின் ரப்பரில் வெட்டிய அச்சு, ஃபிலிம் டப்பா, பேனா ரீஃபில், ஐஸ்கிரீம் குச்சி என்று பல நூறு பொம்மைகளுக்குப் போனார். 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அவருடைய தொடக்க நூல்களை மலிவு விலையில் பரப்பியது. 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கிய 'துளிர்' இதழைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கும், அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டர்களுக்கும், இந்தப் பொம்மைகள் தமிழிலேயே அறிமுகமாயின. குப்தா தம் நூல்களையும் படங்களையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள இணையத்தில் வைத்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஹோஷங்காபாத் திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டாலும், அதன் பொருள்கள் நாடெங்கும் வகுப்பறைகளில் தொடர்ந்தன.

தீக்குச்சிக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு வரலாறும் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் அதே காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்கியும் பெட்டியில் நிரப்பியும் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை வைப்பதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குச்சியும் ஒன்று, விரலும் ஒன்று. ஒரு விரல் எண்ணிக்கைக்காக ஓடியது, மற்றொன்று தான் நினைத்ததைக் கட்டியது. 1937இல் வார்தாவில் எழுந்த கேள்வியும் 1953இல் சென்னையில் எழுந்த கோபமும் இந்த வேறுபாட்டைப் பற்றியவைதாம்.

அரசு திட்டங்களுக்குள் எளிய பொருள் வந்தபோது மீண்டும் சிக்கனம் முன்னால் நின்றது. 1987இல் கரும்பலகைத் திட்டம் பள்ளிகளுக்குச் சாதனப் பெட்டிகளை அனுப்பியது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கற்றல் கற்பித்தல் பொருள் செய்ய ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வழங்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பாலும் வந்தவை சார்ட் தாளும் தெர்மகோலும் ஜிகினாவும். ஆசிரியர் இரவு விழித்துச் செய்து கண்காட்சியில் வைத்தார். பிள்ளை தூரத்திலிருந்து பார்த்தது. செய்யும் இன்பம் முழுவதும் பெரியவருக்கே போய்விட்டது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல் இதைக் கொஞ்சம் மாற்றியது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்தார்கள், தங்கள் உயரத்துக்கு அமைத்த கரும்பலகையில் எழுதி வரைந்தார்கள், செய்தது கம்பியில் தொங்கியது. 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கலையைப் பத்தாம் வகுப்பு வரை பாடமாக வலியுறுத்தியது. கைவினை மரபுகளுக்கென்று தனி நிலைப்பாட்டுத் தாளும் அப்போது வந்தது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டதும் பள்ளிகளில் பிளாஸ்டிக் பாட்டில் தொட்டி, பிளாஸ்டிக் ஸ்ட்ரா பூ ஆகியவை தேவையா என்ற யோசனை தொடங்கியது. குப்பையிலிருந்து செய்த கைவேலை ஒரு வாரத்தில் மீண்டும் குப்பைக்கே போவதானால், அதில் பசையும் ஜிகினாவும் சேர்ந்து மறுசுழற்சிக்கும் ஆகாமல் போவதானால், பயன் என்ன என்ற கேள்வி சரியானது. தென்னங்கீற்று, சோளத்தட்டை, பனங்கொட்டை, வாழை நார், கொட்டாங்கச்சி, களிமண் ஆகியவை இந்தச் சிக்கலைத் தருவதில்லை. களிமண்ணைக் கரைத்து அடுத்த வகுப்புக்கே வைத்துக்கொள்ளலாம்.

இயற்கைப் பொருள் எல்லாம் தீங்கற்றவை என்ற எண்ணமும் ஆபத்தானது. பிள்ளையார் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி பார்க்க அழகு. அதன் பருப்பில் கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாத மணி அவ்வளவாகத் தீங்கு செய்யாது. கோப்பதற்காகத் துளையிட்டு, அதை ஒரு பிள்ளை வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். மஞ்சாடி, புளியங்கொட்டை, காட்டுவாகை நெற்று எனத் தேர்ந்தெடுக்க வேறு நிறைய உண்டு. பாட்டி அறிந்திருந்த இந்த வேறுபாட்டை ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் மாவட்டக் கல்வி, பயிற்சி நிறுவனங்களும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

அந்தப் பயிற்சிதான் இன்றும் பலவீனமான இடம். 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். அவர்கள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரியவர்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. தமிழும் கணக்கும் நடத்தும் அதே வகுப்பாசிரியரே கலையையும் நடத்துகிறார். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் சிற்றூர்ப் பள்ளியில், ஓடைக்கரை மண்ணை இறுத்து வண்ணமாக்கவும் பனையோலையை மடிக்கவும் பிள்ளைகளுக்கு நேரம் கிடைப்பது அந்த ஒருவருடைய விருப்பத்தையும், அவர் பயிற்சிக் காலத்தில் தம் கையால் ஏதாவது செய்து பழகியிருந்தாரா என்பதையும் பொறுத்தே இருக்கிறது.